லாங் பிம்பிள்ஸ் ஊட்டிக் குளிரில் வேலை செய்யுமா?

ஜூன் 6

டேபிள் டென்னிஸ் பேட்டில் ஒட்டும் ரப்பர் பற்றிய பக்கம் இது. சாதா ரப்பரின் மேல்பரப்பு தட்டையாக இருக்கும். லாங் பிம்பிள்ஸில் மெல்லிய நீளக் காம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோத்தகிரியிலிருந்து வந்த கேள்வி: "அண்ணா, ஒன்றரை வருஷமா ரெண்டு பக்கமும் சாதா ரப்பர்தான். எங்க கிளப்புல ஒருத்தர் பேக்ஹேண்டுல லாங் பிம்பிள்ஸ். நான் எவ்வளவு டாப்ஸ்பின் போட்டாலும் என் அடுத்த பந்து நெட்டுல போய் விழுது. ரப்பர்ல ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கார்னு மாமா சொல்றார். நானும் அதே ரப்பர் போட்டா சரியாகிடுமா? ஸ்பாஞ்ச் வெச்சதா, இல்லாததா? இந்தக் குளிருக்கு எது தாங்கும்?"

ஜூன் 6, இரவு

தில்லுமுல்லு இல்லை தம்பி. நீ போட்ட ஸ்பின்தான் உன்னிடமே திரும்பி வருகிறது.

உன் டாப்ஸ்பின் பந்து போகும்போது அதன் மேல்பக்கம் முன்னோக்கி உருளும். சாதா ரப்பர் அதைப் பிடித்து நிறுத்தி எதிர்த் திசையில் சுழற்றி அனுப்பும். டாப்ஸ்பினுக்கு டாப்ஸ்பின் திரும்பி வருவது அதனால்தான். லாங் பிம்பிள்ஸ் பந்தைப் பிடிப்பதில்லை. காம்புகள் மடங்கி வழிவிடும், பந்து தன் சுழற்சியை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பும். பயணத் திசை மட்டும் மாறிவிட்டதால் உன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பேக்ஸ்பின், அதாவது மேல்பக்கம் பின்னோக்கி உருளும் பந்து. நீ அதை டாப்ஸ்பின் என்று நினைத்து பேட்டை மூடி அடிக்கிறாய், நெட்டில் விழுகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? பழைய பந்து ஒன்றை எடு. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நடுவில் சுற்றி ஒரு கோடு, ஒரு பாதியில் மட்டும் நாலைந்து புள்ளி. நீ மெதுவாக டாப்ஸ்பின் போடு, அவர் லாங் பிம்பிள்ஸில் சும்மா தடுக்கட்டும். பந்து போகும்போதும் வரும்போதும் கோடு ஒரே பக்கமாக உருளுவது தெரியும். பிறகு அவர் சாதா பக்கத்தால் தடுக்கட்டும், வரும்போது கோடு எதிர்ப்பக்கம் உருளும். இந்தப் பத்து நிமிடம் பத்து ஆட்டத்துக்குச் சமம்.

ஜூன் 7

மாமாவுக்காகச் சட்டத்தையும் எழுதிவிடுகிறேன்.

அடியில் ஸ்பாஞ்ச் என்ற மெத்தென்ற அடுக்கு இல்லாத பிம்பிள்ஸ் ரப்பர் பசையோடு சேர்த்து 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்பாஞ்ச் இருந்தால் மொத்தம் 4 மி.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 10 முதல் 30 காம்புகள். காம்பின் உயரத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் 1.10க்கு மேல் வரக் கூடாது, இது 1999 முதல். விட்டம் 1.6 மி.மீ. என்றால் உயரம் 1.76 வரை. அதற்கு முன் இன்னும் நீளமான காம்புகள் இருந்தன. 2008 ஜூலையில் உராய்வுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். கண்ணாடி போல் வழுக்கும் பழைய ரப்பர்கள் அன்றோடு போயின.

மாமா சந்தேகப்படுகிறாரே, அப்படி ஒரு வேலை இல்லாமல் இல்லை. ரப்பரை வெயிலில் போட்டு, சூடாக்கி, எதையாவது தடவி காம்பின் தலையை வழவழப்பாக்குவது. மலையில் தகரக் கூரை மேல் நாள்கணக்கில் காயவைப்பார்கள். சட்டப்படி ரப்பருக்கு எந்தப் பக்குவமும் செய்யக் கூடாது. கடையில் வாங்கியபடியே ஒட்ட வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. வாங்கி, விரல் நுனியால் காம்பின் தலையை ஒருமுறை தடவு. கைப்பிடிக்கு மேலே ஐ.டி.டி.எஃப். (சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம்) முத்திரையும் ரப்பர் பெயரும் இருக்கிறதா பார். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

ஒரு காம்பு உடைந்திருந்தாலும் அந்த ரப்பர் செல்லாது.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழித்து

மேலே கடைசி வரி தவறு. தேய்மானத்தாலோ தற்செயலாகவோ ஏற்படும் சிறு குறையைச் சட்டம் அனுமதிக்கிறது, ரப்பரின் குணம் பெரிதாக மாறாதவரை. ஓரத்தில் ஒரு காம்பு போனால் அம்பயர் விட்டுவிடலாம். பந்து படும் நடுப்பகுதியில் கொத்தாக நாலு போயிருந்தால் விடமாட்டார். எப்படியும் ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பதும் அடிமட்டத்தில் கீறியிருக்கும். நகத்தால் லேசாகச் சாய்த்துப் பார்த்தால் கீறல் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

ஜூன் 9

"நானும் அதே ரப்பர் போட்டா சரியாகிடுமா?"

ஆகாது. உன் பிரச்சினை வரும் பந்தில் என்ன ஸ்பின் என்று படிப்பது. லாங் பிம்பிள்ஸ் போட்ட பிறகு அதை இன்னும் துல்லியமாகப் படிக்க வேண்டியிருக்கும். அந்த ரப்பருக்குச் சொந்தமாக ஸ்பின் கிடையாது. எதிராளியிடம் கடன் வாங்கித்தான் திருப்பிக் கொடுக்கும். அவர் கொடுத்தது எவ்வளவு என்று தெரியாமல் நீ திருப்பிக் கொடுத்தால், போனது என்ன என்று உனக்கே தெரியாது.

பேக்ஹேண்டில் சாதா ரப்பரோடு முப்பது புஷ் (பேக்ஸ்பினோடு மெதுவாகத் தள்ளுவது), முப்பது பிளாக் (பேட்டை வைத்துச் சும்மா தடுப்பது) தவறாமல் வருகிறதா? வந்தால் யோசி. வராவிட்டால் இன்னும் ஆறு மாதம் சாதா ரப்பரே இருக்கட்டும்.

ஸ்பாஞ்ச் விஷயம். டேபிளை ஒட்டி நின்று தடுப்பவருக்கு ஸ்பாஞ்ச் இல்லாதது, அதாவது ஓ.எக்ஸ். பந்து நேராகக் கட்டையில் படுவதால் காம்பு முழுவதும் மடங்கும், ஸ்பின் அதிகமாகத் திரும்பும். டேபிளிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நின்று சாப் (பந்தின் அடியை வெட்டி பேக்ஸ்பின் கொடுப்பது) போடுபவருக்கு 0.5 முதல் 1.0 மி.மீ. ஸ்பாஞ்ச். வேகமான டாப்ஸ்பினை அது கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும், பந்து கையில் நிற்கும். 2003 பாரிஸ் உலகப் போட்டியின் இறுதி வரை போன கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் அந்த ஆட்டத்துக்கு நல்ல உதாரணம். 1.5 மி.மீ.க்கு மேல் ஸ்பாஞ்ச் உள்ள லாங் பிம்பிள்ஸ் எடுக்காதே. சாதா ரப்பரின் பிடியும் இருக்காது, லாங் பிம்பிள்ஸின் திருப்பமும் இருக்காது.

பெயர் கேட்பீர்கள். சாப்புக்கு கர்ல் பி1-ஆர், ஃபெயின்ட் லாங் 3. ஓ.எக்ஸ். தடுப்புக்கு விலை குறைந்த சீன ரப்பர்களே போதும்: தாவெய் 388டி, பாலியோ சி.கே. 531ஏ, ஃப்ரெண்ட்ஷிப் 755. வாங்கும் நாளில் ஐ.டி.டி.எஃப். அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பிளேடு, அதாவது பேட்டின் கட்டை, ஐந்து அடுக்கு மரம், மெதுவானது. கார்பன் கலந்த கட்டை வேண்டவே வேண்டாம். ஓ.எக்ஸ்.ஸைக் கார்பன் மேல் ஒட்டினால் பந்து டேபிளைத் தாண்டித்தான் நிற்கும்.

ஜூன் 10

ஷார்ட் பிம்பிள்ஸ், ஆன்ட்டி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஷார்ட்டில் காம்பு குட்டை, மடங்காது. ஸ்பின்னைத் திருப்பாது, ஆனால் வரும் ஸ்பின் அதைப் பெரிதாகப் பாதிக்காது. சர்வீஸ் எடுக்கத் திணறுகிறவர்கள் லாங்குக்குப் போகும் முன் இதைப் பார்க்கலாம். ஆன்ட்டி பார்வைக்குச் சாதா ரப்பர் மாதிரி, மேல்தோல் வழுக்கும், கீழே மெத்தென்ற ஸ்பாஞ்ச். லாங் செய்வதைத்தான் மெதுவாகவும் ஒரே சீராகவும் செய்யும். ஆட்டமில்லை, அசைவில்லை, பந்து செத்து வரும்.

ஜூன் 14

ஓ.எக்ஸ். ஒட்டுவது தனி வேலை. வாங்கிய ரப்பரில் பாதி ஒட்டும்போதே கெடுகிறது.

தண்ணீர்ப் பசையை நேரடியாக ரப்பர் முதுகில் தடவினால், ஸ்பாஞ்ச் இல்லாத மெல்லிய தோல் ஈரம் குடித்துச் சுருண்டுவிடும், விரியவும் செய்யும். அதே நிலையில் ஒட்டினால் காய்ந்த பிறகு ஓரம் உள்ளே இழுக்கும். ஆகவே இரண்டு பக்கமும் பசையுள்ள ஒட்டும் தாள் வாங்கு. பழைய ரப்பரைக் கைப்பிடி முனையிலிருந்து குறுக்காக, மெதுவாக உரி. வெடுக்கென்று இழுத்தால் மரச்சிலாம்பு கூடவே வரும். பழைய பசையை விரலால் உருட்டி முழுவதும் எடு. ஒரு துணுக்கு மீந்தாலும் ஓ.எக்ஸ்.ஸில் மேடாகத் தெரியும், அந்த இடத்தில் பந்து வேறு மாதிரி போகும்.

ரப்பரைக் காம்பு கீழே இருக்கும்படி மேசையில் விரி. தாளின் ஒரு பக்கப் படலத்தை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி முதுகில் ஒட்டு. அடுத்த படலத்தைக் கைப்பிடிப் பக்கம் இரண்டு விரல் அகலம் மட்டும் உரித்து, பிளேடில் நேராக வை. ஐ.டி.டி.எஃப். முத்திரையும் பெயரும் கைப்பிடியை ஒட்டி வெளியே தெரிய வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படலத்தை இழுத்துக்கொண்டே, உருண்டையான கண்ணாடி பாட்டிலால் தன் எடையில் உருட்டிப் போ. ரப்பரை இழுக்கவே கூடாது. இழுத்தால் காம்புகளின் இடைவெளி விரிந்து, ஒரு பக்கம் அடர்த்தி குறையும். ஓரத்தை நல்ல கூர் கத்தரியால் ஒரே ஓட்டத்தில் வெட்டு.

ஜூன் 15

குன்னூர் வாசகர் எழுதுகிறார், தாள் கிடைக்கவில்லை, தண்ணீர்ப் பசைதான் இருக்கிறது என்று. அப்படியானால் பிளேடில் மட்டும் மெல்லிய ஒரு பூச்சு. ரப்பர் முதுகில் தொடாதே. கோயம்புத்தூர் வெயிலில் காய்கிற கணக்கை இங்கே வைக்காதீர்கள். பனிமூட்ட நாளில் நாலு மடங்கு நேரம் எடுக்கும். கடிகாரம் பார்க்காமல் நிறம் பாருங்கள். பால்வெள்ளை முழுவதும் மறைந்து கண்ணாடி போல் தெளிந்த பிறகு ஒட்டுங்கள். ஒரு வெள்ளைத் திட்டு இருந்தாலும் அங்கே குமிழி நிச்சயம். ஹேர் டிரையர் என்றால் கட்டைக்கு மட்டும், ஒரு அடி தள்ளி, குளிர்ந்த காற்றில்.

ஜூன் 22

இப்போது மலை விஷயம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையை விடச் சுமார் 20 சதவீதம் குறைவு. டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம், 40 மி.மீ. விட்டம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது கடல் மட்டத்தில் காற்றுத் தடை பந்தின் எடையையே தாண்டிவிடும். இவ்வளவு இலேசான பந்துக்குக் காற்றுதான் எல்லாம். காற்று குறைந்தால் தடை குறையும், ஸ்பின் பந்தை வளைக்கும் மேக்னஸ் விசையும் அதே அளவு குறையும்.

ஆகவே மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருகிறவர்களின் எல்லாப் பந்தும் டேபிளுக்கு வெளியே போகும். அவர்கள் ரப்பரைக் குறை சொல்வார்கள். காற்றுதான் காரணம்.

ஜூன் 23

இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் 20 என்று யாராவது எடுத்துக்கொள்ள வேண்டாம். 1,800 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் 16, 17 சதவீதம்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஊட்டிக்குப் பக்கத்தில் வரும்.

இரண்டு, "எல்லாப் பந்தும்" என்று எழுதியது அவசரம். டாப்ஸ்பினுக்கு அது சரி: தடை குறைவதால் நீளமாகப் போகும், கீழே இழுக்கும் விசை குறைவதால் இன்னும் நீளமாகப் போகும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. சாப் பந்தில் கணக்கு வேறு. பேக்ஸ்பின் பந்தை மேலே தாங்கும். மலையில் அந்தத் தாங்கல் குறைவதால் பந்து சீக்கிரம் இறங்கும், தடை குறைவதால் தூரம் போகும். இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. அதனால்தான் ஊட்டி ஹாலில் தாக்குகிறவர் திணறும் முதல் அரை மணி நேரத்தில் சாப் போடுகிறவர் பெரிய மாற்றம் இல்லாமல் ஆடுகிறார்.

ஆனால் லாங் பிம்பிள்ஸ் ஆட்டக்காரருக்கும் ஒரு நஷ்டம் உண்டு. ஸ்பின் இல்லாத பந்து காற்றில் தள்ளாடி வருமே, அந்தத் தள்ளாட்டமும் காற்றின் வேலைதான். மலையில் அது குறைவு. சமவெளியில் தள்ளாட்டத்தை நம்பிப் புள்ளி எடுத்தவர்கள் இங்கே வந்து பந்தைத் தாழ்வாக வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூலை 2

மூட்டம் இறங்கிவிட்டது. கூடலூர்ப் பக்கம் விடாத மழை. ஈரத்தைப் பற்றி எழுத இதுதான் நேரம்.

குளிர்ந்த பேட்டை ஆட்கள் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவந்து உடனே உறையிலிருந்து எடுத்தால், ரப்பர் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர் படியும். சாதா ரப்பர் அந்த நிமிடமே வழுக்கும் ரப்பர் ஆகிவிடும், டாப்ஸ்பின் போடப் போனால் பந்து சறுக்கி நெட்டுக்குள் போகும். உறையைத் திறக்காமல் கால் மணி நேரம் ஹாலிலேயே வை. பேட் உள்ளேயே சூடேறட்டும், படிய வேண்டிய நீர் உறைமேல் படியட்டும். அல்லது வரும் வழியிலேயே ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வா. பந்தையும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன் துடை.

"அப்படின்னா மூட்ட நாளில் லாங் பிம்பிள்ஸ்காரருக்குக் கொண்டாட்டம்தானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். மேலோட்டமாக அப்படித் தோன்றும். காம்புகள் ஈரத்தில் அதிகம் மாறுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் கடன் கணக்கை மறக்காதீர்கள். எதிராளியின் சாதா ரப்பர் ஈரத்தில் ஸ்பின் போட முடியாமல் தவிக்கிறது. அவர் கொடுக்காத ஸ்பின்னை லாங் பிம்பிள்ஸ் எங்கிருந்து திருப்பித் தரும்? செத்த பந்து வரும், செத்த பந்தாகவே திரும்பும், நெட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கும், அவர் ஒரே அடியாக அடிப்பார். மூட்ட நாளில் லாங் பிம்பிள்ஸ்காரர் பேட்டைத் திருப்பி சாதா பக்கத்தையும் பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும்.

குளிரில் ஸ்பாஞ்ச் விறைக்கும், பந்து மெதுவாக வெளிவரும், ஆட்டம் சூடேறியதும் மாறும். ஓ.எக்ஸ்.ஸில் ஸ்பாஞ்சே இல்லாததால் காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் குறைவு. ஜூன் 6 கேள்வியின் கடைசி வாக்கியத்துக்கு இதுதான் பதில் தம்பி: இந்த மலைக்கு ஓ.எக்ஸ்.

ஜூலை 5

தகரக் கூரை ஹாலில் மழை பெய்தால் ரப்பரின் சத்தம் கேட்காது. சாதா ரப்பர் 'தொப்' என்று அமுங்கிய சத்தம், ஓ.எக்ஸ். 'டொக்' என்று கட்டைச் சத்தம். பழகியவர்கள் பாதி ஆட்டத்தைக் காதால் படிக்கிறார்கள். ஜூலை மாதம் அது போய்விடும். நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்பே மனதில் சொல்லிக்கொள்: "கறுப்பு லாங், சிவப்பு சாதா." விளக்கு மங்கலான ஹாலில் சிவப்பும் கறுப்பும் சட்டென்று பிரியாது. அப்போது அவர் கட்டைவிரலைப் பார், பேட்டைத் திருப்பும் முன் பிடி தளரும்.

1986 முதல்தான் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. அதற்குச் சில வருஷம் முன்வரை இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் சாதாவும் ஆன்ட்டியும் ஒட்டி, டேபிளுக்குக் கீழே திருப்பித் திருப்பி சர்வீஸ் போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் சீனாவின் சாய் ஜென்ஹுவா அப்படித்தான் எல்லோரையும் திணறடித்தார். 2021 அக்டோபர் முதல் கறுப்புக்கு எதிர்ப்பக்கம் சிவப்புக்குப் பதிலாக நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் போடலாம். மங்கிய வெளிச்சத்தில் பச்சை நன்றாகப் பிரிகிறது, நமக்கு நல்லதுதான்.

ஜூலை 12

"நல்ல ஆட்டக்காரர்கள் இதைத் தொடமாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியதற்கு.

சீனாவின் டெங் யாபிங். உயரம் 1.5 மீட்டர்தான். பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ். 1992, 1996 ஒலிம்பிக் தனிநபர் தங்கம், 1991, 1995, 1997 உலகத் தனிநபர் பட்டம். நம் மணிகா பத்ரா 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் தனிநபர் தங்கம் வென்றது பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸோடு. 2024 பூசான் உலக அணிப் போட்டியில் அய்ஹிகா முகர்ஜி சீனாவின் சுன் யிங்ஷாவை வென்றாரே, அவருடைய பேக்ஹேண்டும் சாதா ரப்பர் கிடையாது.

இன்னும் பின்னால் போனால், 1952இல் பம்பாய் உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் பேட்டோடு வந்து பட்டம் வென்றார். அன்றைக்கு எல்லோரும் வைத்திருந்தது ஸ்பாஞ்ச் இல்லாத பிம்பிள்ஸ், ஸ்பாஞ்ச்தான் வினோதம். சத்தமே இல்லாமல் வந்த பந்தை யாராலும் படிக்க முடியவில்லை. 1959இல்தான் தடிமனுக்கு வரம்பு வைத்தார்கள். இன்று "சாதா ரப்பர்" என்கிறோமே, அதன் வழியைத் திறந்தது நம் நாட்டில் நடந்த அந்தப் போட்டி.

ஜூலை 20

கோத்தகிரித் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். ரப்பர் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டாராம், அந்த ஆளை எப்படி எதிர்கொள்வது என்று கேட்கிறார். நல்ல முடிவு.

சர்வீஸ் அவருடைய லாங் பக்கத்துக்கே போடு, ஆனால் ஸ்பின் இல்லாமல், நீளமாக. அவருக்குக் கடன் வாங்க எதுவும் இருக்காது. பந்து எழும்பி வரும், அதை அடி. அவர் லாங் பக்கத்துக்கு நீ பேக்ஸ்பினோடு புஷ் செய்தால் லேசான டாப்ஸ்பினாகத் திரும்பும். சாதா புஷ் என்று நினைத்து பேட்டைத் திறந்து வைக்காதே, பந்து மேலே போய்விடும். கொஞ்சம் மூடித் தட்டு.

நீ பலமாக டாப்ஸ்பின் போட்டால் அடுத்து வருவது பலமான பேக்ஸ்பின் என்று முன்பே தெரியும். அதைக் கீழிருந்து மேலே தேய்த்து மெதுவாகத் தூக்கு, அல்லது புஷ் செய். இரண்டு முறை தொடர்ந்து பலமாக இழுக்கப் போகாதே, இரண்டாவது பந்தில்தான் நெட். ஒரு பலமான பந்து, ஒரு செத்த பந்து என்று மாற்றிக் கொடு. அவருக்குக் கஷ்டம் முழங்கைக்கு நேராக வரும் பந்து: எந்தப் பக்கத்தால் எடுப்பது என்று முடிவு செய்யும் முன் பந்து வந்துவிடும்.

ஜூலை 21

ஒன்று விட்டுப்போனது. லாங் பிம்பிள்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு: சுத்தம் செய்ய நுரை கிளீனர் வேண்டாம். குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷ் ஒன்று, காய்ந்தபடி, காம்பு வரிசையின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்தால் அடி விடும். காம்புகளுக்கு நடுவே தூசி அடைந்தால் காம்பு முழுவதும் மடங்காது, ஸ்பின் திரும்புவது குறையும். "ரப்பர் செத்துப்போச்சு" என்று மாற்றுகிற பலருடையது தூசி அடைந்த ரப்பர்தான். பிரஷ் போட்ட பிறகு கோடு போட்ட அந்தப் பழைய பந்தை வைத்து மறுபடி சோதித்துப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம்.